ஐந்தரை மணி நேரம் எங்கே போயிற்று?

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் பகல் மணி இரண்டு. மேஜை மேல் இருக்கும் லாப்டாப்போ, காலை எட்டரைதான் என்று சாதிக்கிறது. வெயிலைக் கேட்டால் அது சுவர்க் கடிகாரத்தின் கட்சி. சரி என்று லாப்டாப்பின் நேரத்தைத் திருத்தி வைக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அதே கோளாறு! "பாட்டரி செத்திருக்கும்" என்கிறான் மூத்த பையன். "வைரஸ் வந்திருக்கும்" என்கிறாள் பெண். "போன வாரம் லினக்ஸ் என்று ஏதோ போட்டீர்களே, அதனால்தான் எல்லாம்!" என்கிறார் வீட்டுக்காரர்.

மூவரில் வீட்டுக்காரர்தான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்திருக்கிறார். ஆனால் கெட்டுப்போனது எதுவும் இல்லை. வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு மணிக்கும் எட்டரைக்கும் நடுவே சரியாக ஐந்தரை மணி நேரம். நம் இந்திய நேரம் கிரீனிச் நேரத்துக்கு முந்தியிருப்பதும் அதே ஐந்தரை மணிதான்!

கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கடிகாரம் அதன் வயிற்றுக்குள் உண்டு. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைத்துவிட்டு, ஐந்தரை மணியைத் தானே கூட்டிக் காட்டும். ஒன்று மட்டும் குடியிருக்கும் வரையில் சண்டை இல்லை. இரண்டும் ஒரே லாப்டாப்பில் குடியிருந்தால், லினக்ஸ் வைத்துவிட்டுப் போன நேரத்தை விண்டோஸ் அப்படியே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சமையலறையில் இரண்டு ஓர்ப்படிகள். உப்பு ஜாடியை ஒருத்தி இடது பக்கம் வைப்பாள், மற்றவள் வலது பக்கம் வைப்பாள். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள்தான். ரசத்தில் மட்டும் சர்க்கரை விழுந்திருக்கும்!

பரிகாரம் சுலபம். லினக்ஸில் டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. அதில் 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையுடன் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று சேர்த்துக் கொடுத்தால், விண்டோஸின் வழக்கத்துக்கு லினக்ஸ் ஒத்துப்போய்விடும். அப்புறம் ஒரு தடவை நேரத்தைத் திருத்தினால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். லாப்டாப் ஐந்தரை மணி தப்பாகக் காட்டாமல், பல வருஷம் பின்னால் போய் நின்றால் அது வேறு சங்கதி. அங்கே பையன் சொன்னதுதான் சரி: உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பாட்டரி தீர்ந்திருக்கும். அந்த நிலையில் பாங்கியின் வலைத்தளத்தைத் திறந்தால் 'இது நம்பத்தகாத தளம்' என்று எச்சரிக்கை வந்து வயிற்றைக் கலக்கும். தளத்தின் சான்றிதழுக்குத் தொடக்க தேதி, முடிவு தேதி உண்டல்லவா? நம் லாப்டாப் அந்தத் தொடக்க தேதிக்கு முந்திய காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறது!

ஏன் இப்போது?

லினக்ஸ் நேற்று வந்த சரக்கு அல்ல. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ல் ஆரம்பித்து வைத்தது. நம் ஊருக்கும் அது புதிது இல்லை. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு பிளஸ் டூ மாணவ மாணவியருக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸுடன் இந்த பாஸும் கூடவே வந்தது. லாப்டாப்பைத் திறந்ததும் 'எது வேண்டும்?' என்று இரண்டு பெயர்களைக் காட்டுமே, ஞாபகம் இருக்கிறதா? பல பெண்கள் அந்த இரண்டாவது பெயரைத் தொடாமலே படிப்பை முடித்திருப்பார்கள்.

இப்போது தொட வேண்டிய காலம் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ பழைய யந்திரங்கள் பலவற்றை வாசற்படி ஏறவே விடுவதில்லை. புது லாப்டாப் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? ஆகவே வீட்டுப் பிள்ளைகள் பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுவந்து பழைய யந்திரத்தில் ஏற்றுகிறார்கள். முதல் ஒரு வாரம்தான் கஷ்டம். அந்த ஒரு வாரத்தில், கெட்டுப்போகாத கம்ப்யூட்டரைக் கெட்டுப்போனது என்று தீர்மானித்து விடுகிறோம்.

அப்பா படம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கிறது வடக்கனந்தல். கோமுகி அணை சமீபத்தில்தான். அங்கே தையல் வேலை செய்யும் ஓர் அம்மாளின் வீட்டில், மகள் பிளஸ் டூவில் வாங்கிய லாப்டாப் இன்றைக்கும் உழைக்கிறது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ரவிக்கை அளவுகள், பாக்கிக் கணக்கு, கல்யாணப் படங்கள், காலமாகிவிட்ட அம்மாளின் தகப்பனாருடைய கடைசிப் படங்கள், எல்லாம் அதில்தான். கல்லூரியில் படிக்கும் மகன் அதில் லினக்ஸ் மிண்ட் ஏற்றினான். படங்களுக்கு ஒரு நகல் இருக்கட்டும் என்று வெளியில் மாட்டும் ஹார்டு டிஸ்க் ஒன்றும் இரவல் வாங்கி வந்தான். நல்ல பிள்ளைதான். ஆனால் நகல் எடுப்பதற்கு முன்பே, அந்த டிஸ்க் தானாகத் திறந்துகொள்ள வேண்டும் என்று எங்கேயோ பார்த்து ஒரு வரியை எழுதி வைத்தான். மறுநாள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லாப்டாப்பைத் திறந்தான். திறக்கவில்லை. ஒன்றரை நிமிஷம் எதற்கோ காத்திருந்து, பிறகு கறுப்புத் திரையில் 'எமர்ஜென்சி மோட்' என்று எழுத்துக்கள் வந்து நின்றன.

"கடைக்காரரு பாத்துட்டு, ஃபார்மட் அடிக்கணும்னுட்டாருங்க. அடிச்சா எங்க அப்பா படமெல்லாம் போயிடுமாம். ரெண்டு நாளா சோறு இறங்கலை" என்றார் அந்த அம்மாள்.

நல்ல வேளையாக அந்த வாரம் சேலத்திலிருந்து அவருடைய அண்ணன் மகள் வந்திருந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். திரையில் நின்ற எழுத்துக்களை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தாள். அதைத்தான் அதுவரை யாரும் செய்யவில்லை!

"அத்தை, ஒண்ணும் போகலை. இவன் எழுதின டிஸ்க்கைத் தேடிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்" என்றாள்.

லினக்ஸில் 'எஃப்எஸ்டேப்' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. எழுந்தவுடன் எந்தெந்த டிஸ்க்கைத் திறந்து வைக்க வேண்டும் என்ற ஜாபிதா அது. ஜாபிதாவில் இருக்கும் டிஸ்க் வரவில்லையென்றால் 90 விநாடி காத்திருக்கும். அப்புறமும் வராவிட்டால், முக்கியமான ஒன்று காணவில்லை என்று நினைத்து வேலையை நிறுத்திவிடும். பால்காரர் வராத வீட்டில் அடுப்பே மூட்டாமல் உட்கார்ந்திருப்பது போல. 'வராவிட்டால் பரவாயில்லை, மேலே நடக்கட்டும்' என்று சொல்ல 'நோஃபெயில்' என்ற ஒரு சொல் இருக்கிறது. பையன் எழுதிய வரியில் அது இல்லை.

அந்தப் பெண் செய்தது இதுதான். லினக்ஸ் ஏற்றுவதற்கு உபயோகித்த பென்டிரைவையே மறுபடி செருகி, அதிலிருந்து லாப்டாப்பை எழுப்பினாள். ஏற்றுகிற பென்டிரைவ் என்று நாம் நினைப்பது உண்மையில் மருந்துப் பெட்டியும் கூட. தயவுசெய்து அதை அழித்து சினிமாப் பாட்டு நிரப்பிவிடாதீர்கள். அதன் வழியாக லாப்டாப்பின் டிஸ்க்கைத் திறந்தாள். தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் படங்களை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஜாபிதாவைத் தொட்டாள். அந்த ஒரு வரியின் முன்னால் # என்ற குறியைப் போட்டாள். இந்தக் குறி இருந்தால் லினக்ஸ் அந்த வரியைப் படிக்காது. வரியை அடியோடு அழிக்காமல் குறி போட்டது ஏன் என்றால், தப்பு வேறெங்காவது இருந்தால் குறியை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பலாம்.

லாப்டாப் எழுந்தது. ஒரே ஒரு எழுத்து!

இந்த வைத்தியத்தில் கவனிக்க வேண்டியது வரிசைதான். முதலில் படித்தாள், பிறகு பத்திரப்படுத்தினாள், பிறகு ஒரே ஒரு மாற்றம். நம்மில் பலர் ஒரே சமயத்தில் ஏழெட்டு இடத்தில் கை வைக்கிறோம். எதனால் கெட்டது, எதனால் சரியாயிற்று என்று பிறகு யாராலும் சொல்ல முடிவதில்லை. ஃபார்மட் செய்வது தப்பு என்று சொல்ல வரவில்லை. சில சமயம் வேறு வழி இருக்காது. ஆனால் அது கடைசி மருந்து. 'ஃபார்மட்' என்று யாராவது சொன்னால், 'திரையில் என்ன எழுதியிருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுமதி கொடுங்கள்.

விசைப்பலகை வம்பு

அதிகமான பேரை அலைக்கழிப்பது விசைப்பலகைதான். லினக்ஸ் ஏற்றும்போது 'எந்த ஆங்கிலம்?' என்று கேட்கும். ஆங்கிலம் என்றால் இங்கிலாந்துதானே என்று அதைத் தேர்ந்தெடுத்து விடுவோம். நம் கடைகளில் கிடைக்கும் லாப்டாப்புகளின் பலகையோ பெரும்பாலும் அமெரிக்க வரிசை. விளைவு, @ குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். கடவுச் சொல்லில் @ இருந்தால் தொலைந்தது! சரியாகத்தான் அடிக்கிறீர்கள், 'தப்பு' என்கிறது யந்திரம். சந்தேகம் வந்தால், எழுத்து கண்ணுக்குத் தெரியும் ஓர் இடத்தில் அந்தக் குறியை மட்டும் அடித்துப் பாருங்கள். 'இந்தியா, ரூபாயுடன்' என்று ஒரு வரிசை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் குறிகளும் இடத்தில் இருக்கும். வலது பக்கத்து ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ரூபாய்க் குறியும் வரும்.

தமிழில் எழுத, 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி அரசு அங்கீகரித்த 'தமிழ் 99' முறை லினக்ஸிலும் உண்டு. உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. 'க'வை இரண்டு தடவை அடித்தால் 'க்க' என்று புள்ளி தானே விழும். ஒரு வாரம் பழகினால் விரல் விடாது. இதை 'ஐபஸ்' போன்ற உள்ளீட்டு முறையில் சேர்த்தவுடன் வேலை செய்யவில்லையே என்று பலர் கைவிட்டு விடுகிறார்கள். ஒரு தடவை வெளியே போய் மறுபடி உள்ளே நுழைந்தால்தான் அது கண் விழிக்கும். தமிழ் எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். 'லோஹித் தமிழ்' அல்லது 'நோட்டோ' எழுத்துருவைச் சேர்த்தால் தீர்ந்தது.

வைஃபை கிடைக்கவில்லையா? முதலில் விமானக் குறி போட்ட விசை அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சில வைஃபை சில்லுகளுக்குத் தயாரிப்பாளரே எழுதிய தனி மென்பொருள் வேண்டும். அதை இறக்க இண்டர்நெட் வேண்டும், இண்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்! வழி கையிலேயே இருக்கிறது. உங்கள் போனை சார்ஜர் கம்பியால் லாப்டாப்பில் இணைத்து, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைப் போடுங்கள். போனின் இண்டர்நெட் கம்பி வழியே வந்துவிடும். அப்புறம் லினக்ஸ் மிண்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் அதுவே தேவையானதைக் கண்டுபிடித்துச் சொல்லும். பாஸுக்குத் தாய்வீடான டெபியன், 2023-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்து இந்தத் தனி மென்பொருள்களைக் கூடவே தருகிறது. அதனால் இந்தத் தொல்லை முன்னைப்போல் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அகப்படாத கோளாறு வந்தால் யாரையாவது கேட்கத்தான் வேண்டும். தமிழிலேயே விளக்கம் படிக்க 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்கும்போது 'லாப்டாப் ஓடவில்லை' என்று மட்டும் சொன்னால் யாரும் உதவ முடியாது. எந்த லினக்ஸ், கடைசியாக என்ன மாற்றினீர்கள், திரையில் என்ன வந்தது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் இன்னும் விசேஷம். 'லினக்ஸ் மிண்ட் போட்டிருக்கிறோம். நேற்று டெலிவிஷனில் இணைத்து சினிமா பார்த்தோம். அதிலிருந்து லாப்டாப்பில் சத்தமே வரவில்லை' என்று ஒருவர் கேட்டால், பதில் ஒரே வரியில் வந்துவிடும். சத்தம் இன்னும் டெலிவிஷனுக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஒலி அமைப்பைத் திறந்து 'ஸ்பீக்கர்' என்பதைத் தொடுங்கள்!