பாதம் கழற்றிய தையல் மெஷின்

பழைய கால்மிதி சிங்கர் மெஷினுக்குத் தெரிந்தது நேர்த்தையல் ஒன்றுதான். ஊசி மேலும் கீழும் போகும்; பக்கவாட்டில் இம்மியும் அசையாது. அதே மெஷினில் ரோஜா இதழும் லேஸும் எடுத்தவர்கள் அதில் புதிதாகப் பூட்டியதைவிடக் கழற்றியதே அதிகம்.

முதலில் கழல்வது துணியை அழுத்தும் பாதம். அடுத்து, துணியை நகர்த்தும் பற்கள்: சில மாடல்களில் கீழே இறக்கிவிடலாம், மற்றவற்றில் தகடு போட்டு மூட வேண்டும். ஆனால் பாதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊசி மேலேறும்போது துணி கூடவே எழும்பாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அப்போதுதான் ஊசிக்காதருகே நூல் சிறு கண்ணியாகப் பிரியும். அடியிலுள்ள கொக்கி அதைக் கவ்வும். பாதம் போனால் அந்தப் பொறுப்பு துணியை மாட்டும் மர வளையத்துக்கு வந்துவிடுகிறது. துணி பறைத்தோல் போல விறைத்திருக்க வேண்டும். தொய்ந்தால் தையல் விட்டு விட்டு விழும்.

பாதமே இல்லையே என்று அதன் நெம்புகோலை இறக்காமல் விடுபவர்கள் உண்டு. இறக்கினால்தான் மேல்நூலை இறுக்கும் தட்டுகள் சேரும். மறந்தால் துணிக்கடியில் நூல் சிக்கு!

பிறகு எல்லாம் கைவாகுதான். மிதிக்கும் வேகத்துக்கு ஏற்ப வளையத்தை நகர்த்தினால் தையலின் நீளம் அமையும். இடம் வலமாக நெருக்கி ஆட்டினால் சாட்டின் தையல். ஊசி துணிக்குள் இருக்கும்போது வெடுக்கென இழுத்தால் அது வளைந்து தகட்டில் மோதி முறியும்.

கட்வொர்க் லேஸ்தான் உண்மையான வித்தை. கோலத்தின் ஓரத்தைச் சில முறை தைத்து உறுதியாக்கி, உள்ளே இருக்கும் துணியைக் கத்தரித்து எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டையின் குறுக்கே மெஷினை மெதுவாக ஓட்டினால், துணியே இல்லாத வெற்றிடத்தில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பிணைத்து இழையாகும். திரும்பி வரும்போது அதன்மேல் நெருக்கமாக ஆட்டித் தைத்தால் உருண்டு திரண்ட பாலம். சிங்கர் நிறுவனமே இதற்கெனப் படங்களுடன் பாடநூல் வெளியிட்டிருந்தது.

தொழிற்சாலையும் இதே வழியில்தான் போனது. சுவிட்சர்லாந்தின் ஐசக் க்ரோப்லி 1863-இல் உருவாக்கிய ஷிஃப்லி இயந்திரத்தில் வரிசையாகப் பல ஊசிகள். கோலத்துக்கேற்ப நகர்வதோ துணி மாட்டிய சட்டம். பின்னர், பட்டுத்துணியில் பருத்தி நூலால் பூவேலை செய்து, பட்டை மட்டும் ரசாயனத்தில் கரைத்து லேஸ் எடுத்தார்கள்.

இன்று வீட்டில் செய்பவர்களுக்கு, பட்டுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரையும் மெல்லிய படலம் கிடைக்கிறது. கரைப்பதற்கு முன், கோடுகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பிணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாளியில் மிஞ்சுவது வெறும் நூல்.