செலினைட் வேற, செலினைடு வேற! பெயரால் வந்த குழப்பம்

தஞ்சை: வயலில் போடுகிற ஜிப்சம் தெரியும். அதே ஜிப்சம் பூமிக்குள் கண்ணாடி மாதிரி தெளிவாக விளைந்தால், அதற்கு 'செலினைட்' என்று பேர்.

பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கொள்ளிடம் தாண்டி வடக்கே, பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமம். மழை அரித்த களிமண் மேட்டில் வெயில் பட்டால், அங்கங்கே தரை மின்னும். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்த இடம் கடல். நகத்தால் கீறினாலே இந்தக் கல்லில் கோடு விழும். இதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்!

பேரைக் கேட்டு இதில் செலினியம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். துளியும் கிடையாது. கிரேக்க மொழியில் 'செலீன்' என்றால் நிலா. கல் நிலா போல வெளிச்சம் தருவதால் அந்தப் பேர். ரொம்ப காலம் கழித்து, 1817-ல் ஸ்வீடன் விஞ்ஞானி பெர்சிலியஸ் புது தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கும் நிலா பேரையே வைத்துவிட்டார். அதுதான் செலினியம்.

இந்த செலினியம் தாமிரம், வெள்ளி, ஈயத்தோடு சேர்ந்த தாதுதான் 'செலினைடு'. அபூர்வமானது. அவர் பேராலேயே அழைக்கப்படும் 'பெர்சிலியனைட்' ஒரு தாமிர செலினைடு. ஸ்வீடனின் ஸ்க்ரிகெரும் சுரங்கத்தில் கிடைத்தது. உடைத்ததும் வெள்ளி நிறம், நாளாக ஆக மங்கிப்போகும். சுட்டால் அழுகிய முள்ளங்கி வாடை வரும்! பாறை வெடிப்பில் விளைகிற சரக்கு இது. ஆத்து வண்டலான நம்ம டெல்டாவில் தோண்டித் தேடுவது வீண். உலகத்துக்கு வேண்டிய செலினியம்கூட பெரும்பாலும் தாமிரம் சுத்தம் பண்ணும்போது மிஞ்சும் சேற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

உஷார்! மாட்டுத் தீவனத்தில் துளியளவு சேர்க்கிற 'சோடியம் செலினைட்' மருந்தின் பேரும் இதே மாதிரி. ஆனால் அதில் நிஜமாகவே செலினியம் உண்டு. அளவு மீறினால் விஷம். பஞ்சாபில் நவன்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் மண்ணில் செலினியம் கூடிப்போன ஊர்களில் மாடுகளுக்குக் குளம்பு கழன்றது, முடி கொட்டியது.

நம்ம ஜிப்சத்தால் அந்த பயம் இல்லை. நெல்லுக்குக் கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ போடலாம். களர் நிலத்துக்கு மட்டும் மண் பரிசோதனை பண்ணித்தான் அளவு. போட்டதும் நல்ல தண்ணீர் கட்டி வடிய விடணும். வடிகால் அடைத்துக் கிடந்தால் உப்பு வயலிலேயே தங்கிவிடும்.