ஈ.சி.ஜி. தாளை எறிந்துவிடாதீர்கள்

நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கையிலும் காலிலும் நெஞ்சிலும் வயர்களைப் பொருத்தி, கட்டம் போட்ட கடதாசியில் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் அதைச் சுருட்டி எங்காவது செருகிவிடுகிறோம். நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலைதான். ஆனாலும் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பதை நாமும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

இதயம் சுருங்குவதற்கு முன் அதனூடே மிகச் சிறிய மின்சாரம் ஓடுகிறது. அதைப் பதியும் கருவியை உருவாக்கிய ஒல்லாந்து நாட்டு வில்லெம் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய நோயாளிகள் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா!

கடதாசி வழமையாகச் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் நகரும். உயர்ந்து நிற்கும் கூர் முனை ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. அடுத்தடுத்த இரு முனைகளுக்கிடையே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300ஐ அந்த எண்ணால் பிரியுங்கள். நான்கு கட்டமென்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 60 முதல் 100 வரை வழமையானது.

முனைகள், கயிறு பிடித்து நட்ட வெங்காயம் போல, ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்க வேண்டும். தாறுமாறாக நின்றால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரும். நெஞ்சுநோவே இல்லாத சிலருக்கும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை கொடுப்பது இதனால்தான். அதை நீங்களாகவே நிறுத்தக்கூடாது.

இனிப் பழைய தாளின் பெறுமதிக்கு வருவோம். முன்பு வந்த மாரடைப்பின் அடையாளம் கோட்டில் ஆயுள் முழுதும் நிற்கலாம். புதிதாக நோவு வரும்போது, காணப்படும் மாற்றம் பழையதா, இன்று வந்ததா என்று வைத்தியர் அறிய வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய தாள் இருந்தால் அது சீக்கிரம் தெரியும்.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களுக்குக் கடதாசியின் அருமை தெரியும். காணி உறுதியும் பிறப்புச் சான்றும் இல்லாமல் அலைந்தவர்கள், பிறகு கிடைத்ததையெல்லாம் லெமினேட் செய்து வைத்தார்கள். ஈ.சி.ஜி. தாளை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்! பெரும்பாலும் அது சூட்டில் எழுத்து விழும் கடதாசி. லெமினேட் செய்தால் முழுதும் கறுத்துவிடும். வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் எழுத்து மங்கும். திகதி தெரியும்படி போட்டோக் கொப்பி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

இன்னுமொன்று. மாரடைப்பின் தொடக்கத்தில் கோடு ஒழுங்காகவே இருக்கக்கூடும். எனவே நோவு நிற்காவிட்டால், “ஈ.சி.ஜி. நல்லம்” என்ற பேச்சோடு வீட்டிலிருக்க வேண்டாம், திரும்பவும் எடுக்க வேண்டும். நோவோடு வியர்த்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். இலக்கம் 1990, நம்மவர் மறக்கக்கூடிய எண்ணல்ல. ஏறும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.