அளவு ஒன்று, ஆடை பல

முஸ்லிம் பெண்களின் உடையைப் பற்றிப் பேச்செழும்போது, பெரும்பாலோர் மனத்தில் முதலில் தோன்றுவது கருப்பு நிறப் புர்காதான் என்றாலும், அந்த உடையின் நிறமோ தையல் முறையோ குர்ஆனில் எங்கும் சொல்லப்படவில்லை. உடலில் எவ்வளவு மறைய வேண்டும், யார் முன்னிலையில் மறைய வேண்டும், எதற்காக மறைய வேண்டும் என்ற மூன்றையும் வரையறுக்கும் இஸ்லாமிய மூலநூல்கள், அந்த வரையறைக்குள் எதை உடுத்துவது என்பதை ஊர் வழக்குக்கும் தட்பவெப்பத்துக்கும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. வேதம் வகுத்த எல்லை, சட்ட அறிஞர்கள் அதற்குத் தந்த விளக்கம், மக்கள் கைக்கொண்ட வழக்கம், அரசுகள் இட்ட ஆணை ஆகிய நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணங்களால் தோன்றியவை; இவற்றைப் பிரித்தறியாமல் இந்த விதிகளைப் புரிந்துகொள்வது கடினம்.

வேதம் வகுத்த எல்லை

இவ்விதிகளின் அடிப்படை குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரில் உள்ளது. அதன் 30ஆம் வசனம் முதலில் ஆண்களை நோக்கிப் பேசி, பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுமாறும் கற்பைக் காத்துக்கொள்ளுமாறும் பணிக்கிறது. அடுத்த வசனம் அதே கட்டளையைப் பெண்களுக்கும் இட்டபின், இயல்பாக வெளியே தெரிவதைத் தவிரத் தங்கள் அலங்காரத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டாம் என்றும், தலைத்துணியை மார்பின் மீது போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. அக்கால அரபுப் பெண்கள் தலைத்துணியை முதுகுப்புறம் தொங்கவிட்டுக் கழுத்தும் நெஞ்சும் தெரிய நடமாடினர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர்; ஆகவே, இருந்த துணியையே முன்னால் இழுத்துப் போடச் சொன்னதுதான் இக்கட்டளை.

கணவர், தந்தை, மாமனார், மகன், உடன்பிறந்தவர், அவர்களுடைய பிள்ளைகள் என்று யார் முன்னால் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது என்பதையும் அதே வசனம் வரிசையாகச் சொல்கிறது. இவர்களில் மணம் முடிக்க என்றென்றைக்கும் விலக்கப்பட்ட ஆண் உறவினரை மஹ்ரம் என்பர். மறைத்து அணிந்த நகை பிறருக்குத் தெரியும்படி காலைத் தட்டி நடக்க வேண்டாம் என்ற அறிவுரையும் வசனத்தின் இறுதிப் பகுதியில் வருகிறது. தண்டையின் ஓசைவரை கவனத்தில் கொள்ளும் இவ்விதி, துணியின் அளவோடு நிற்காமல் நடத்தையையும் சேர்த்தே பேசுகிறது.

33ஆம் அத்தியாயமான அல்அஹ்ஸாபின் 59ஆம் வசனம், வெளியே செல்லும் பெண்கள் ஜில்பாப் எனப்படும் மேலங்கியைத் தங்கள்மீது இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பணித்து, அவர்கள் இன்னார் என அறியப்பட்டுத் தொல்லைக்கு ஆளாகாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று காரணமும் கூறுகிறது. அதே அத்தியாயத்தின் 53ஆம் வசனம் குறிப்பிடும் திரை, நபியின் மனைவியரிடம் ஏதேனும் கேட்க வருவோருக்கான ஒழுங்கு. மணவாழ்வை எதிர்பார்க்காத முதிய பெண்கள், அலங்காரத்தைக் காட்டும் எண்ணமின்றி மேலாடையைக் களைந்துவைக்கலாம் என்று 24ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சலுகை தருகிறது. ஆயினும் பேணுதலாக இருப்பதே அவர்களுக்கு நல்லது என்றும் அது சேர்த்துக்கொள்கிறது.

அறிஞர்கள் தந்த விளக்கம்

இயல்பாக வெளியே தெரிவது எது என்ற கேள்விதான் பிற்காலக் கருத்து வேறுபாடுகளுக்கெல்லாம் வேர். முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளுமே அவை என்ற விளக்கம் நபித்தோழர் இப்னு அப்பாஸின் பெயரால் வழங்குகிறது. மேலே போர்த்திய ஆடைதான் அது என்பது மற்றொரு தோழரான இப்னு மஸ்ஊதின் கருத்து. பருவமடைந்த பெண்ணுக்கு முகமும் கைகளும் தவிர வேறெதுவும் தெரியலாகாது என்று நபி கூறியதாக ஒரு செய்தியை அபூதாவூத் தமது தொகுப்பில் பதிவு செய்திருந்தாலும், அதன் அறிவிப்பாளர் வரிசை இடையில் அறுபட்டுள்ளதை அவரே சுட்டிக்காட்டியுள்ளார்.

மத்ஹப் எனப்படும் சட்டப்பள்ளிகள் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. மறைக்கப்பட வேண்டிய உடற்பகுதிக்கு அவ்ரத் என்று பெயர். ஆணுக்கு அது தொப்புள் முதல் முழங்கால் வரை என்பது பெரும்பாலோர் முடிவு. அந்நிய ஆண்களுக்கு முன்னால் பெண்ணின் முகமும் கைகளும் அவ்ரத்தில் சேரா என்று ஹனஃபி, மாலிகி பள்ளிகள் கூறுகின்றன. ஆயினும் குழப்பத்துக்கு இடமுண்டு என்று அஞ்சும் சூழலில் முகத்தையும் மறைக்கச் சொன்ன அறிஞர்கள் அவற்றிலும் உண்டு. ஷாஃபிஈ பள்ளியில் இரு கருத்துகளும் நிலவ, பிற்கால நூல்கள் பல முகத்தையும் மறைக்கும் பக்கமே சாய்கின்றன. ஹன்பலி பள்ளியிலும் அதுவே ஓங்கிய கருத்து. ஹஜ், உம்ரா புனிதப் பயணங்களுக்காக இஹ்ராம் நிலை பூண்ட பெண் நிகாப் என்னும் முகத்திரையும் கையுறையும் அணியக் கூடாது என்ற நபிமொழியை இரு தரப்பாரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்தாள்வது கவனிக்கத்தக்கது: முகம் மறைவது கட்டாயமானால் வழிபாட்டில் அது தடுக்கப்பட்டிருக்காது என்பது ஒரு தரப்பு; அங்கே தடுக்க வேண்டியிருந்ததே, மற்ற நேரங்களில் அவ்வழக்கம் இருந்ததைக் காட்டுகிறது என்பது மறு தரப்பு.

முகத்தைப் பற்றிய கருத்து எதுவானாலும், ஆடை உடலைக் காட்டும் அளவுக்கு மெல்லியதாகவோ உடல் வடிவம் தெரியும்படி இறுக்கமாகவோ இருக்கக் கூடாது என்பதில் வேறுபாடு இல்லை. அளவை நிர்ணயித்த விதத்துக்கு ஒரு நபிமொழி நல்ல சான்று. பெருமைக்காக ஆடையைத் தரையில் இழுத்துச் செல்வோரை நபி கண்டித்தபோது, பெண்கள் தங்கள் ஆடையின் ஓரத்தை என்ன செய்வது என்று அவருடைய மனைவி உம்மு ஸலமா கேட்டார். ஒரு சாண் இறக்கிக்கொள்ளலாம் என்று விடை வந்தது. அப்போதும் பாதம் தெரியுமே என்றதற்கு, ஒரு முழம் இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று நபி வரையறுத்தார்.

தமிழகத்து வழக்கம்

தமிழ் முஸ்லிம்களில் மரைக்காயர்கள் வாழும் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ பள்ளியும், ராவுத்தர்கள் மிகுந்த உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி பள்ளியும் வழக்கில் இருந்தாலும், இரு பகுதிப் பெண்களுக்கும் சேலையே நெடுங்கால உடை. தலையில் முக்காடிட்டு, வெளியே செல்லும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்வது பல ஊர்களில் முந்தைய தலைமுறையின் வழக்கம். காயல்பட்டினத்தில், ஆண்கள் நடமாடும் தெருவுக்கு வராமலே பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர, முடுக்கு எனப்படும் ஒடுங்கிய சந்துகள் விடப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, மறைப்பு என்ற கருத்து ஆடையைக் கடந்து ஊரின் அமைப்பிலும் இடம்பெற்றிருந்தது விளங்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது பெருகிய பின்னரே, அபாயா எனப்படும் கருப்பு நீள்மேலங்கி துப்பட்டியின் இடத்தைப் பரவலாகப் பிடித்தது. மார்க்க நோக்கில் இரண்டும் ஒரே எல்லையை நிறைவு செய்பவை.

அரசும் நீதிமன்றமும்

ஈரானில் 1936இல் ரேசா ஷா பெண்களின் முக்காட்டை ஆணையிட்டுக் களையவைத்தார். 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் வந்த அரசு அதையே சட்டமிட்டு அணியவைத்தது. அணிபவரின் விருப்பத்தை இரண்டு ஆணைகளும் பொருட்படுத்தவில்லை. பிரான்ஸ் 2004இல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணியையும், 2010இல் இயற்றிய சட்டத்தின் மூலம் பொது இடங்களில் முகத்திரையையும் தடுத்தது.

இந்தியாவில் இக்கேள்வி, தலையை மறைப்பது மதத்தின் இன்றியமையாத கூறா என்ற வடிவில் நீதிமன்றத்துக்கு வந்தது. மருத்துவ நுழைவுத்தேர்வின் உடை விதியை எதிர்த்து 2016இல் தொடரப்பட்ட வழக்கில், ஆம் என்ற கேரள உயர்நீதிமன்றம், சோதனைக்கு உட்படும் நிபந்தனையோடு தலைத்துணியும் முழுக்கையும் அணிந்து தேர்வெழுத அனுமதித்தது. கல்வி நிறுவனச் சீருடை பற்றிய அரசாணை எதிர்க்கப்பட்டபோது, 2022 மார்ச் 15 அன்று, இல்லை என்றது கர்நாடக உயர்நீதிமன்றம். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். ஹேமந்த் குப்தா அரசாணையை ஏற்க, இது மாணவியின் விருப்பத்தையும் கல்வியையும் பற்றிய கேள்வியே, மதக்கூறு பற்றிய ஆய்வு இங்குத் தேவையில்லை என்று சுதான்ஷு தூலியா அந்த ஆணையை ரத்து செய்தார். உரிய அமர்வை அமைப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது.

சட்டப்பள்ளிகளே பல நூற்றாண்டுகளாக ஒன்றுபடாத நுணுக்கங்களை ஒரு நீதிமன்ற அமர்வு தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கருப்பு அபாயா ஒன்றே மார்க்கம் என்று வற்புறுத்துவோர் வழக்கத்தை வேதமாக்கிவிடுகின்றனர். இவையெல்லாம் வெறும் வழக்கம்தான் என்று ஒதுக்குவோர், வேதத்தில் தெளிவாக உள்ள எல்லையைக் காணாமல் போகின்றனர். இரு சாராரும் பெண்ணின் உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, கட்டளைகளின் வரிசையில் முதலில் வரும் ஆணின் பார்வை பற்றிய விதி மட்டும் விவாதத்துக்கு வருவதே அரிதாக உள்ளது.