சிங்கி இறால் முன்னால் கூச்சம் எதற்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் ஓய்வு பெறுகிறார். கூட வேலை செய்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து அவருக்கு விருந்து வைக்க, சி.டி.எச். சாலையில் ஒரு ஏ.சி. ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மெனு கார்டில் வஞ்சிரம் வறுவல், நண்டு மசாலா, இறால் தொக்கு எல்லாவற்றுக்கும் நேரே விலை இருக்கிறது. ‘லாப்ஸ்டர்’, அதாவது சிங்கி இறால், என்ற வரிக்கு நேரே மட்டும் ‘ஏ.பி.எஸ்.’ என்று மூன்று எழுத்து. அது என்னவென்று கேட்க எல்லோருக்கும் தயக்கம். “அதுல ஒண்ணு குடுங்க” என்று யாரோ சொல்லிவிடுகிறார். விலை தெரிவது பில் வந்த பிறகுதான்.

ஏ.பி.எஸ். என்றால் உருப்படியின் அளவுக்கு ஏற்ற விலை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை என்பதால் கார்டில் ஒரே விலையை அச்சடிக்க முடிவதில்லை. இதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. காசிமேட்டிலோ வானகரம் மீன் மார்க்கெட்டிலோ எடை போடாமல் யாரும் மீன் வாங்குவதில்லை. ஓட்டல் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கத்தை ஏன் விட வேண்டும்?

சப்ளையரிடம் நான்கு கேள்விகள் போதும். நூறு கிராம் என்ன விலை? இருப்பது எத்தனை கிராம்? அது பச்சை எடையா, சமைத்த எடையா? உயிரோடு வந்ததா, ஐஸ் பெட்டியில் இருந்ததா? நல்ல ஓட்டலில் சமைப்பதற்கு முன்பே உருப்படியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். காட்டாவிட்டால், “கொஞ்சம் காட்டுங்க தம்பி” என்று கேட்கலாம். ஓட்டுக்கும் தலைக்கும் போக வாலில் கிடைக்கும் சதை, மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அரைக் கிலோ சிங்கி நான்கு பேர் ருசி பார்க்க ஆகும்; நான்கு பேர் பசிக்கு ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு கூடவே ஒரு மீன் குழம்பும் சாதமும் சொல்லிவிட்டால் யாரும் அரைவயிற்றோடு எழ வேண்டியிருக்காது.

அடுத்த பயம், எப்படிச் சாப்பிடுவது என்பது. வெளிநாட்டு வீடியோக்களில் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, பாக்குவெட்டி போன்ற கருவியால் பெரிய கொடுக்கை உடைப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கருவி கையாளத் தெரியவில்லையே என்று நம்மவர்கள் கூச்சப்படத் தேவையில்லை. அந்தக் கொடுக்குள்ள லாப்ஸ்டர் அமெரிக்கா, ஐரோப்பா பக்கத்துக் குளிர்கடலில் கிடைக்கும் வேறு இனம். தமிழகக் கடலில் பாறை இடுக்குகளில் வாழும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கே கிடையாது. அதற்கு இருப்பவை முள் நிறைந்த ஓடும், உடம்பைவிட நீளமான இரண்டு மீசையும்தான். பிறந்ததிலிருந்து நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிப் பழகிய குடும்பங்களுக்கு இது சுலபமான வேலை.

பெரும்பாலும் சமையலறையிலேயே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துதான் கொண்டுவருவார்கள். ஓட்டின் ஓரத்து முள் விரலைக் குத்தும். அதனால் மேல் ஓட்டை ஒரு கையால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வால் சதையின் தடித்த முனையில் கரண்டியையோ முள்கரண்டியையோ செருகி நெம்பினால் சதை முழுசாகக் கிளம்பி வரும். நடுவே கறுப்பாக ஒரு நரம்பு ஓடினால் அது குடல். இழுத்து எடுத்துவிட வேண்டும். தலைப்பக்கம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் குழைவான பகுதி, ஈரலின் வேலையைச் செய்யும் உறுப்பு. கழிவுகள் தங்கும் இடம் என்பதால் அதை ஒதுக்கிவிடுவது நல்லது. பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது மீசையின் அடிக்கட்டை. அதை உடைத்தால் உள்ளே விரல் அளவுக்கு இனிப்பான சதை இருக்கும். கையால் சாப்பிடலாம், கால்களை உறிஞ்சலாம். ஓடுகளுக்குத் தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொண்டால் மேசை சுத்தமாக இருக்கும். எலுமிச்சைத் துண்டு போட்டு வரும் வெந்நீர்க் கிண்ணம் விரல் கழுவ, குடிக்க அல்ல.

தட்டில் வந்ததை வைத்தே அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். உயிரோடு சமைத்த முழு சிங்கியின் வால் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். சதை வெள்ளையாக, நார் நாராகப் பிரிந்து, கடிக்கும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். மாவு மாதிரி கரைந்தால் செத்து நேரமாகிச் சமைத்தது. ரப்பர் மாதிரி இழுத்தால் அதிகம் வெந்தது. சிவப்பு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் சிவப்பு நிறமி சூடு பட்டதும் விடுபடுவதால் எல்லா சிங்கியும் சிவந்துதான் போகும். சதை கெட்டு நாற்றம் வந்தால், முதல் வாய் ருசித்த உடனே சப்ளையரிடம் குரல் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். முக்கால்வாசி காலி செய்த பிறகு சொல்வது நியாயமில்லை.

மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கும் மரியாதை உண்டு. இறால், நண்டு ஒவ்வாத உடம்புக்கு சிங்கியும் ஒவ்வாது. மூன்றிலும் அலர்ஜியைக் கிளப்புவது ஒரே வகைப் புரதம். உதடு வீங்குவதில் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகலாம். சில முஸ்லிம் குடும்பங்களில் மீன் தவிர மற்ற கடல் உயிர்கள் விலக்கு. புரட்டாசியில் விரதம் இருப்பவர்கள் இருப்பார்கள். விருந்து வைப்பவர் ஆர்டர் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் யாரும் தர்மசங்கடப்பட வேண்டாம். பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஓடு பொறுக்கி, மேசை துடைத்துத் தந்தவருக்கு டிப்ஸை நேராகக் கையில் கொடுக்கலாம்.

கடைசி மரியாதை கடலுக்கு. வெனாமி இறாலை வளர்ப்பது போல சிங்கியைப் பண்ணையில் பொரித்து வளர்த்து விற்கும் நிலை இங்கே இல்லை. அதன் குஞ்சு கண்ணாடித் தகடு போல மாதக்கணக்கில் கடலில் மிதந்து, உருமாறி, பிறகுதான் பாறைக்கு வந்து சேரும். தட்டில் வருவது எல்லாமே சிங்கி வலையிலும் இழுவை வலையிலும் கடலிலிருந்து பிடித்தவை. அதனால்தான் 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிக்கு எடை வரம்பு வைத்தது. தமிழகக் கரையில் அதிகம் கிடைக்கும் இனத்துக்கு 200 கிராம், உருவத்தில் பெரிய மணிச்சிங்கிக்கு 500 கிராம். அதற்குக் குறைந்தால் கப்பலேறக் கூடாது. உள்ளூர் ஓட்டலுக்கு வரும் குட்டிச் சிங்கியை இந்த ஏற்றுமதி விதி தடுக்காது. வயிற்றடியில் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும் சினைச் சிங்கியும் சில நேரம் சமையலறைக்கு வந்துவிடுகிறது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வரத்து குறைவு, விலை அதிகம். ஐஸில் வைத்த சரக்கு வரவும் வாய்ப்பு உண்டு. ஆசையை ஜூலைக்குத் தள்ளிப்போட்டால் பர்ஸுக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. எப்போது போனாலும், சப்ளையர் உருப்படியைக் கொண்டுவந்து காட்டும்போது ஒருமுறை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து தெரிந்தாலோ, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தாலோ, “இது வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வஞ்சிரம் வாங்கிக்கொள்ளுங்கள்.