எண்ணெய் வயல் வேலையும் கைபேசிச் சரிபார்ப்புப் பட்டியலும்
வேலைக்குப் போகும் தம்பிகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை வட்டாரத்திலிருந்து சபுர் போகும் நம் பிள்ளைகளில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த சிலர் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்கிறார்கள். இந்தத் தொழில் நமக்கு முற்றிலும் புதியதும் அல்ல. காரைக்காலைத் தலைமையிடமாகக் கொண்ட ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் பிரிவு, நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம், கோவில்களப்பால், நன்னிலம், குத்தாலம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் பல ஆண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து வருகிறது. வயலுக்கு நடுவே கம்பி வேலிக்குள் நிற்கும் குழாய்களையும் வால்வுகளையும் பார்க்காதவர் நம்மில் குறைவு.

அந்த வேலிக்குள் நடக்கும் அன்றாட வேலையின் அடிப்படை ஒரு பட்டியல். எதை, எந்த வரிசையில், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட பட்டியல். முன்பு அது காகிதத்தில் இருந்தது. இப்போது உலகின் பல எண்ணெய் வயல்களில் அது கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மாறிவிட்டது. வேலைக்குச் சேரும் தம்பியின் கையில் முதல் வாரத்திலேயே அந்தக் கருவியைக் கொடுத்துவிடுவார்கள். அது எப்படி வேலை செய்கிறது, அதில் நம் பிள்ளைகள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஆபரேட்டர் என்ன செய்கிறார்?

கிணற்றிலிருந்து வருவது சுத்தமான எண்ணெய் அல்ல. எண்ணெய், எரிவாயு, உப்புநீர், மணல் எல்லாம் கலந்து வரும். கிணற்றின் தலையில் உள்ள வால்வுத் தொகுப்பைத் தாண்டி, குழாய் வழியாக அது சேகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே செபரேட்டர் என்ற பெரிய உருளைக் கலன் வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும். அதன் பிறகு எண்ணெய் தொட்டிக்கும், வாயு கம்ப்ரசருக்கும், நீர் சுத்திகரிப்புக்கும் போகும்.

இவை அனைத்தையும் குறிப்பிட்ட நேர இடைவெளியில் சுற்றி வந்து பார்ப்பதே ஆபரேட்டரின் வழக்கமான கடமை. கிணற்றுத் தலையின் அழுத்தம் எவ்வளவு, செபரேட்டரில் திரவ மட்டம் எங்கே நிற்கிறது, பம்பில் அதிர்வோ புதுச் சத்தமோ உண்டா, எங்காவது எண்ணெய் சொட்டுகிறதா, எரிவாயுவை எரிக்கும் ஃப்ளேரின் சுடர் சரியாக இருக்கிறதா, தீயணைப்புப் பம்ப் தயாராக இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு சுற்றில் ஐம்பது, அறுபது அளவீடுகள் இருப்பது சாதாரணம். கோடை வெயிலிலும் நள்ளிரவிலும் இதே சுற்றுதான்.

பட்டியல் ஏன் தேவைப்பட்டது?

கைதேர்ந்தவருக்குப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய விமானம் ஒன்று சோதனைப் பறப்பில் மேலெழும்பியதும் விழுந்து எரிந்தது. இருவர் உயிரிழந்தனர். ஓட்டியவர் அனுபவசாலி. காற்றில் ஆடாமல் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிகளைப் பிடித்து வைக்கும் பூட்டைப் புறப்படும் முன் விடுவிக்க மறந்துவிட்டார்கள். நினைவை மட்டும் நம்ப முடியாது என்று உணர்ந்து விமானிகளுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தார்கள். அந்தப் பழக்கமே பிற தொழில்களுக்கும் பரவியது.

எண்ணெய்த் துறைக்கு மறக்க முடியாத பாடம் 1988 ஜூலை 6 அன்று வட கடலில் கிடைத்தது. பைப்பர் ஆல்ஃபா என்ற கடல் மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் நேரத்தில் பழுது பார்ப்பதற்காகக் கழற்றியிருந்தார்கள். அதற்கான அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் அந்தச் செய்தி இரவு ஷிப்டில் வந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோகவே, வால்வு இல்லாத பம்பை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் இறந்தனர். தகவல் காகிதத்தில் பத்திரமாக இருந்தும் அது தேவைப்பட்டவரின் கையில் இல்லை. இந்தக் குறையைத்தான் மின்னணுப் பட்டியல் தீர்க்க முயல்கிறது.

கைபேசியில் என்ன மாறுகிறது?

முதல் மாற்றம், இருக்கும் இடத்துக்குச் சாட்சி. காகிதத்தில் ஒரு தொல்லை உண்டு. சுற்றுக்குப் போகாமலே அறையில் உட்கார்ந்து முந்தின ஷிப்டின் எண்களைப் பார்த்து ஏறக்குறைய அதையே எழுதிவிட முடியும். இப்போது ஒவ்வொரு கருவியிலும் ஒரு சிறு வில்லையோ பார்கோடோ ஒட்டியிருப்பார்கள். கைபேசியை அதனருகே கொண்டுபோனால்தான் அந்தக் கருவிக்குரிய கேள்விகள் திறக்கும். யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பதிந்தார் என்பதும் சேர்ந்தே பதிவாகும்.

இரண்டாவது, எல்லை தாண்டினால் எச்சரிக்கை. உதாரணமாக, ஒரு செபரேட்டரின் அழுத்தம் 55 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் 82 என்று பதிந்தால் திரை உடனே சிவப்பாகும். மறுபடி பார்த்தீர்களா, வெளியேறும் வால்வு திறந்திருக்கிறதா, கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்கும். மேற்பார்வையாளருக்கும் தகவல் போகும். காகிதத்தில் அந்த 82, மறுநாள் காலை யாராவது கோப்பைப் புரட்டும்வரை வெறும் எண்ணாகவே இருந்திருக்கும்.

மூன்றாவது, மெல்ல வளரும் கோளாறு தெரியும். ஒரு பம்பின் பேரிங் வெப்பம் நான்கு நாட்களில் 62, 65, 69, 74 டிகிரி என்று ஏறுகிறது. அனுமதிக்கப்பட்ட எல்லை 80 என்று கொள்வோம். நான்கு தாள்களில் நான்கு பேர் எழுதியிருந்தால் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரியாகவே தோன்றும். கைபேசியில் நான்கும் ஒரே கோட்டில் ஏறுவது தெரியும். பம்ப் நிற்பதற்கு முன்பே பேரிங்கை மாற்றிவிடலாம்.

நான்காவது, ஷிப்ட் மாறும்போது கைமாற்றம். முடியாமல் நிற்கும் வேலை, கழற்றி வைத்த வால்வு, நிறுத்தி வைத்த எச்சரிக்கை மணி ஆகியவை அடுத்து வருபவரின் திரையில் முதலில் தெரியும்படி அமைக்கலாம். அவர் படித்ததாக ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்கும்.

பாலைவனத்திலும் கடலிலும் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. அதனால் பதிவுகள் முதலில் கருவியிலேயே தங்கி, நிலையத்துக்குத் திரும்பியதும் சர்வருக்கு ஏறும்.

சொந்தக் கைபேசி கூடாது

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எரியும் வாயு சேரக்கூடிய இடங்களை எண்ணெய்த் துறையில் மண்டலம் 0, 1, 2 என்று பிரித்திருக்கிறார்கள். வாயு எப்போதும் இருக்கும் இடம் 0. வழக்கமான வேலையின்போது இருக்கக்கூடிய இடம் 1. எப்போதாவது, சிறிது நேரம் மட்டும் இருக்கக்கூடிய இடம் 2. இந்த இடங்களில் ஒரு சிறு மின்பொறியும் தீயாகிவிடும். நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைபேசியும் அதன் பேட்டரியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நிறுவனம் தரும் கருவி, பொறி உண்டாகாத வகையில் தயாரித்துச் சோதித்துச் சான்று பெற்றது. பல மடங்கு விலை கூடியது. அதன் மேல் எந்த மண்டலத்துக்கு ஏற்றது என்ற முத்திரை இருக்கும். மண்டலம் 2-க்கு மட்டும் சான்று பெற்ற கருவியை மண்டலம் 1-க்குள் கொண்டுபோகக் கூடாது. விழுந்து உறை விரிசல் விட்டால் அதை உள்ளே பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமே என்று சொந்தக் கைபேசியை உள்ளே கொண்டு போகும் ஆசை வேண்டாம். வேலை போவதோடு முடியாமல் உயிரும் போகலாம்.

கைபேசியால் முடியாதது

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 15 பேர் இறந்தனர். சுமார் 180 பேர் காயமடைந்தனர். உயரமான ஒரு கோபுரக் கலனில் அளவுக்கு மிஞ்சித் திரவம் நிரம்பியதே காரணம். திரவம் 150 அடிக்கு மேல் ஏறிய நிலையிலும் கட்டுப்பாட்டு அறையின் திரை பத்து அடிக்கும் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்து அறிய வேண்டிய கண்ணாடிக் குழாய் அழுக்கேறிப் படிக்க முடியாமல் இருந்தது. இரண்டாவது உயர்மட்ட எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. முந்தின ஷிப்டின் குறிப்பேட்டில் போதிய விவரம் இல்லை. கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் ஏறத்தாழ ஒரு மாதமாக ஒரு நாள் விடுப்பும் இல்லாமல் தினம் 12 மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தார்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தவறான மீட்டரின் எண்ணைக் கைபேசியில் பதிந்தாலும் அது தவறான எண்தான். களைத்த மனிதர் பட்டியலில் இல்லாததைக் கவனிக்கமாட்டார். புதிய வாடை, வழக்கத்துக்கு மாறான சத்தம், குழாய்க்குக் கீழே நனைந்த மண் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பவர் மனிதரே. திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து தடுக்கி விழுவோரும் உண்டு. நின்று பதியுங்கள், நடக்கும்போது பாதையைப் பாருங்கள்.

வளைகுடாவின் பல வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு எண்ணெயோடு வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. ஆனால் 100 பி.பி.எம். அளவை நெருங்கும்போது மூக்கு உணரும் சக்தியை இழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி உள்ளே போனவர்கள் திரும்பியதில்லை. காற்றை விடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தங்கும். சட்டையில் மாட்டிய வாயு அளவி மணி அடித்தால், பட்டியல் பாதியில் இருந்தாலும் விட்டுவிட்டுக் காற்று வீசும் திசைக்குக் குறுக்காகவும் மேட்டுப் பக்கமாகவும் வெளியேற வேண்டும்.

வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு

பார்க்காததைப் பார்த்ததாகக் குறிக்காதீர்கள். கருவி பழுது, இடத்துக்குப் போக முடியவில்லை, நேரம் போதவில்லை என்றால் அந்தக் காரணத்தைப் பதியும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். 'போட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மேலே உள்ளவர் சொன்னாலும் குறிப்பில் உண்மை நிலை இருக்கட்டும். விபத்து நடந்தால் விசாரணைக்கு வருபவர்கள் முதலில் எடுப்பது இந்தப் பதிவைத்தான். அதில் உங்கள் பெயரும் நிமிடமும் இருக்கும்.

உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நண்பருக்கும் தராதீர்கள். அவர் செய்வதெல்லாம் நீங்கள் செய்ததாகவே பதிவாகும்.

அலகுகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். ஓரிடத்தில் செல்சியஸ், இன்னோரிடத்தில் ஃபாரன்ஹீட் இருக்கும். மீட்டரில் 4 பார் காட்ட, பி.எஸ்.ஐ. கட்டத்தில் 4 என்று எழுதினால் பட்டியலே பொய்யாகிவிடும்.

செயலி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். செபரேட்டர், சோக், சைட் கிளாஸ், ஃப்ளேர், பெர்மிட், ஹேண்ட்ஓவர் போன்ற சொற்களின் பொருளைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். புரியாத கேள்விக்குச் 'சரி' என்று தட்டிவிட்டுப் போவதைவிட, பக்கத்தில் உள்ளவரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. பணி ஒப்பந்தத்தில் பதவி என்ன, ஷிப்ட் எத்தனை மணி நேரம், பாதுகாப்புப் பயிற்சி யார் தருகிறார்கள் என்பதையும் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு

நம் நாட்டில் எண்ணெய் வயல்கள் சுரங்கப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வருகின்றன. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கண்காணிக்கிறது. 2017-ல் எண்ணெய்ச் சுரங்கங்களுக்கான ஒழுங்குமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. அதே 2017 ஜூன் 30 அன்றுதான் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, போராட்டமும் கைதுகளும் நடந்தன. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து, வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்கிறது. ஏற்கெனவே உள்ள கிணறுகளும் குழாய்களும் தொடர்கின்றன. எனவே அவற்றின் அன்றாடச் சோதனை நம் வீட்டு விஷயமும்தான்.

வயலில் எண்ணெய் மிதந்தாலோ, வாய்க்கால் நீரில் குமிழி வந்தாலோ, வாயு வாடை வந்தாலோ அருகே போகாதீர்கள். தீக்குச்சி, பீடி, மோட்டார் சுவிட்ச், வண்டி எதையும் அங்கே இயக்காதீர்கள். பிள்ளைகளையும் கால்நடைகளையும் காற்று வரும் பக்கமாக விலக்கிவிட்டு, தூரத்தில் நின்று 112 அல்லது 101-க்குச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. இடம், நேரம், எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்ற மூன்றையும் சொன்னால் வருபவர்களுக்கு உதவியாக இருக்கும். சொன்ன நேரத்தை ஒரு தாளில் குறித்தும் வையுங்கள்.

ஆபரேட்டர் வேலை நல்ல வருமானம் தரும், மரியாதையான வேலை. ஒவ்வொரு அளவீடும் பக்கத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு அவர் பொறுப்பேற்கும் ஓர் அமானிதம். வெளியூர் போகும் பிள்ளையிடம் பெற்றோர் சொல்லி அனுப்ப வேண்டியதும் இதுதான்: போய்ப் பார், பார்த்ததை எழுது, சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேள்.