ஈரத்தைக் காணும் ஒளி

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பர். இன்றும் ஏற்காட்டைச் சூழ்ந்த சரிவுகளில் காப்பித் தோட்டங்களைக் காணலாம். பழம் பறித்துக் களத்தில் உலர்த்தும் மாதங்களில் அங்கே மூடுபனியும் இறங்கும். கொட்டை எப்போது போதுமான அளவு காய்ந்தது என்று அறிவதே அப்போது பெருங்கவலை.

அத்தகைய களமொன்றில் நான் நின்றிருந்தபோது, முதிய மேஸ்திரி ஒருவர் ஒரு கொட்டையைப் பல்லால் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேண்டுமுங்க" என்றார். அவர் அனுபவம் பெரிது. ஆயினும் 11 விழுக்காட்டு ஈரத்தையும் 13 விழுக்காட்டு ஈரத்தையும் பல் பிரித்தறிவது அரிது. ஈரம் மிகுந்தால் மூட்டையில் பூஞ்சணம் பிடித்து ஓராண்டு உழைப்பும் கெடும். மிகையாகக் காய்ந்தாலோ கொட்டை நொறுங்கும், எடையும் குறையும். 14 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ கொட்டையை 11 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 97 கிலோவே எஞ்சும்.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய நிறமாலையில் சிவப்புக்கு அப்பாலும் வெப்பம் இருப்பதை வெப்பமானியால் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கதிர்களே அகச்சிவப்புக் கதிர்கள். அவற்றுள் சிவப்பை அடுத்துள்ள பகுதியில், 1450, 1940 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய ஒளியை நீர் மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே கொட்டையின்மீது அவ்வொளியைப் பாய்ச்சினால், ஈரம் மிகுந்தபோது திரும்பும் ஒளி குறையும். 1960-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்ல் நாரிஸ் இந்த முறையைத் தானியங்களுக்குப் பயன்படுத்தி வளர்த்தார். இன்று கையடக்கக் கருவிகளும் உள்ளன. கொட்டையை அரைக்காமலே சில நொடிகளில் அளவு தெரியும்.

ஆனால், மாணவர்களே, கருவி அளப்பது ஒளியையே, நீரை அன்று. கொட்டையை நிறுத்து, ஏறத்தாழ 105 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் குறைந்த எடையே ஈரம். இவ்வாறு பல மாதிரிகளின் ஈரத்தைக் கண்டு, அவை திருப்பிய ஒளியோடு ஒப்பிட்டே கருவிக்கு அளவு குறிக்க வேண்டும். நெல்லுக்குக் குறித்த அளவு காப்பிக்குப் பொருந்தாது. மேலும், ஒளி கொட்டைக்குள் ஆழமாய்ச் செல்லாது. மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருப்பது அதை ஏமாற்றும். ஆதலால் களத்தின் பல இடங்களிலிருந்தும் கொட்டை எடுத்துக் கலந்து அளத்தல் வேண்டும்.

கருவி காட்டும் எண்ணைக் கண்டவுடன், "இதற்குத் தராசின் சான்று உண்டா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை மறந்தால், விரைவில் கிடைத்த எண்ணே மூட்டையைக் கெடுக்கும்.